வேற யார் வாய்க்குப் பொருந்தும்?

பேருந்து நிலையத்தில் ஏழாம் நடைமேடைக்குப் பின்னால், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஓர் அறை இருக்கிறது. 'தொலைந்த பொருட்கள் பிரிவு' என்று வாசலில் ஒரு பலகை. பலகையைப் பிடித்திருந்த நாலு ஆணியில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. அதை மட்டும் இதுவரை யாரும் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அந்த அறையில் இருபத்தாறு வருஷமாக எழுத்தராக உட்கார்ந்திருக்கிற அம்மாளைத்தான் நிலையம் முழுக்கக் 'குடையக்கா' என்று கூப்பிடுகிறது. ஓட்டுநர், நடத்துனர், டீக்கடைக்காரர், பெருக்குகிறவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான்.

பெயர்க் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்யும்போது குடையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற மனுஷன் வெயில் வந்ததும் அதை மறந்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் குடைகள். அதற்கு மேலே சாப்பாட்டுப் பைகள், ஹெல்மெட்டுகள், எக்ஸ்ரே உறைகள், ஒற்றைச் செருப்புகள். ஒரு செருப்பைப் பேருந்தில் விட்டவன் இன்னொரு செருப்போடு எப்படித்தான் வீட்டுக்கு நடந்தான் என்று அக்கா இருபத்தாறு வருஷமாக யோசிக்கிறார். விடை கிடைத்தபாடில்லை.

பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் அக்காவுக்கு ஒரு தனி வழி உண்டு. "என் குடை கறுப்புங்க, வளைஞ்ச கைப்பிடிங்க" என்று வர்ணிக்கிறவரை அவர் நம்பவே மாட்டார். உலகத்தில் பாதிக் குடை கறுப்பு. "அது கிடக்கட்டும். என்ன பழுது?" என்பார். "மூணாவது கம்பி வெளியே வந்திருக்கும், அதுல என் பொண்ணு தலைக்குப் போடுற ரப்பரைச் சுத்தி வச்சிருக்கா" என்று பதில் வந்தால் அடுத்த நிமிஷம் குடை கையில். அழகை யார் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பழுது சொந்தக்காரனுக்குத்தான் தெரியும் என்பது அக்காவின் கட்சி. இந்தக் கேள்வியை வைத்தே இத்தனை வருஷமும் ஒரு பொருள்கூட ஆள் மாறிப் போகாமல் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் இருபத்தொரு மாதம். அதையும் இப்படியே ஓட்டிவிட்டால் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காரலாம் என்று இருந்தார்.

வீட்டுக் கதை வேறு. வீட்டுக்காரர் மின்சாமான் கடையில் விற்பனையாளர். மிச்ச நேரமெல்லாம் வழிபாட்டுச் சபைக்குச் செயலாளர். அக்காவின் தம்பி கல்லூரியில் இயற்பியல் வாத்தியார்; மிச்ச நேரமெல்லாம் சிந்தனையாளர் மன்றத்துக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி சாப்பிட வந்துவிடுவார். இரண்டு செயலாளர்களும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, மனுஷனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பதினெட்டு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"மேல ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கான்கிற பயம் இல்லேன்னா மனுஷன் மிருகம்தான் மாப்ளே."

"அதுக்கு ஒரு கேமரா போதுமே மாமா, சாமி எதுக்கு? யாரும் பார்க்காதப்பவும் ஒழுங்கா நடக்கணும். அது அறிவுலதான் வரும். அக்கா, இன்னும் கொஞ்சம் போடு."

சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி வைக்கிற ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி மட்டும் இதுவரை அந்த மேசையில் விவாதம் நடந்ததில்லை. இரண்டு தட்டும் அங்கேயே கிடந்து காயும். தம்பி நாலு வருஷத்துக்கு முன்னால் "ரெண்டு நாள்ல தர்றேன்க்கா" என்று வாங்கிப்போன இஸ்திரிப் பெட்டி இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரர் கையில் ஒரு நல்ல குடை இருக்கிறது, வெள்ளிக் கைப்பிடி போட்டது. அதைப் பார்த்த அன்றே அக்கா கேட்டார்.

"இது யாருதுங்க?"

"வழிபாட்டுக் கூடத்துல கேட்பாரில்லாம கிடந்தது. ஆண்டவன் எனக்குன்னு கொடுத்தது."

ஊரெல்லாம் தொலைத்த குடைக்குக் காவல் இருக்கிற அக்காவின் வீட்டில் ஒரு திருட்டுக் குடை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே விழுந்தார் புதிய மேலாளர். ஆள் கெட்டவர் இல்லை. படித்தவர், சாந்தமானவர், எதைப் பார்த்தாலும் அதை ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட வேண்டும் என்கிற ஒரே ஒரு நோய் மட்டும் உண்டு. வந்த இரண்டாம் வாரமே நிலையம் அவருக்குக் 'கட்டம் சார்' என்று பெயர் வைத்துவிட்டது. அவர் அக்காவின் அறைக்கு வந்து, அலமாரியைப் பார்த்து, கண் கலங்கினார்.

"எவ்வளவு நேர்மை பாருங்கம்மா! இதெல்லாம் ஜனங்க தாங்களா கொண்டுவந்து கொடுத்தது இல்லையா? ஏன் கொடுத்தாங்க?"

"ஏன்னா? அவங்களுது இல்ல சார், கொடுத்தாங்க."

"அது காரணம் இல்லம்மா. அது தகவல்."

அடுத்த வாரம் படிவம் வந்து இறங்கியது, கட்டுக் கட்டாக. பொருளைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் பெயர், விலாசம் எழுதி, கையெழுத்துப் போட்டு, 'இதைத் திருப்பிக் கொடுக்கத் தங்களைத் தூண்டியது எது?' என்ற கேள்விக்கு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். கடவுள் நம்பிக்கை. பகுத்தறிவு. சட்டத்துக்குப் பயம். வெகுமதி ஆசை. மற்றவை, விவரிக்கவும். படிவம் இல்லாமல் வருகிற பொருளைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. பதிவேட்டில் இல்லாத பொருளை யாருக்கும் கொடுக்கவும் கூடாது. மூட்டை கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் அங்கே எரித்துவிடுவார்கள். படிவத்தில் பொய்யாக எழுதினால் வேலை போகும். கட்டம் சார் இந்தக் கணக்கெடுப்பை வைத்து 'நேர்மையின் ஊற்று' என்று ஓர் அறிக்கை எழுதி, ஏதோ மாநாட்டில் வாசிக்கப் போகிறாராம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கண்டெடுத்ததைக் கொடுக்க வந்தவர்கள், "ஏன் கொடுக்குறீங்க?" என்ற கேள்வியைப் பார்த்ததும் தாங்கள் என்னவோ தப்புச் செய்துவிட்டதுபோல் முழித்தார்கள். ஒரு பெண்மணி, "நான் எடுக்கலைங்க, கீழ கிடந்துச்சுங்க" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் படிவத்தை வாங்கிப் படித்துப் பார்த்து, 'வெகுமதி' என்ற கட்டத்தைக் காட்டி, "அப்படி ஒண்ணு உண்டா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே" என்று கோபித்துக்கொண்டார். நாலே நாளில் நிலையத்துக்கு விவரம் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் உள்ளே வருவதில்லை. பொருளை வெளியே இருக்கிற பெஞ்சில் வைத்துவிட்டு, குண்டு வைத்தவன் மாதிரி ஓடிவிடுவார்கள். நேர்மையை அளக்க வந்த காகிதம் நேர்மையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. கட்டம் சார் இதற்கும் ஒரு வரைபடம் போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பல்செட்டு வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை. தொழிற்சாலை நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில் கட்டம் போட்ட துண்டுத்துணி, எதையோ சுற்றி.

"அக்கா, யாரோ பல்லை சீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. என் சாப்பாட்டுத் துணியிலதான் சுத்தியிருக்கேன். பத்திரம்."

"அண்ணே, ஒரு படிவம் இருக்கு, கையெழுத்து மட்டும்..."

"ஐயோ, ஷிஃப்டுக்குப் போற வண்டிக்கா, கிளம்பிடுச்சு!"

போயே போய்விட்டார். அக்கா துணியை அவிழ்த்துப் பார்த்தார். மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக ஒரு முழுப் பல்செட்டு அவரைப் பார்த்து இளித்தது. துணியின் ஒரு மூலையில் இஸ்திரி சுட்ட முக்கோண ஓட்டை. பழுதைப் பார்ப்பது அக்காவின் பழக்கமாயிற்றே.

ஒரு மணி நேரம் கழித்துப் பல்லுக்குச் சொந்தக்காரர் வந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைக் கையால் பொத்தியிருந்தார், ஆனால் கண்ணிலேயே அதட்டினார். பேருந்தில் கொஞ்சம் தூங்கலாம் என்று பல்லைக் கழற்றிக் கைக்குட்டை மேல் வைத்திருந்தாராம். இறங்குகிற அவசரத்தில் கைக்குட்டையை உருவி எடுத்துக்கொண்டு பல்லை விட்டுவிட்டாராம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவருக்குச் சொல்தான் போயிருந்தது, அதிகாரம் போகவில்லை.

"என்ன பழுது?" என்றார் அக்கா.

"கீழ் வரிசை, வலது ஓரம், சில்லு போயிருக்கும். கொட்டையைக் கடிச்சேன். எடு சீக்கிரம்! எவ்வளவு நேரம் நிக்கறது? உன் மேலதிகாரி யாரு?"

பழுது சரியாக இருந்தது. ஆனால் படிவம் இல்லையே. அக்கா மேலாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். கட்டம் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிவம் இல்லேன்னா அந்தப் பல்லே இல்லம்மா. நாளைக்கு மூட்டையில போட்டுடுங்க" என்றார்.

அக்கா இதை மெதுவாகப் பெரியவரிடம் சொன்னார். இனி கத்தப் போகிறார் என்று காதைத் தயாராக வைத்திருந்தார். அவர் கத்தவில்லை. அப்படியே நின்றார். கை வாயைப் பொத்தியபடியே இருந்தது.

"நாளைக் கழிச்சுப் பொண்ணுக்குக் கல்யாணம். புதுசு கட்ட மூணு வாரம் ஆகுமாம். எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நான் இப்படியே நிக்கணுமாம்மா?"

முதல் தடவையாக 'அம்மா' போட்டார். அக்காவுக்கு அந்த ஆளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். போகட்டும் என்று விடுவதானால் மூட்டை கட்டுகிற கயிறு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவர் நகராமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா ஒரு படிவத்தை உருவினார். பெயர் என்ற இடத்தில் 'பயணி' என்று எழுதினார். எவராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார். காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. முதல் கட்டத்தில் குறியிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தாங்கமாட்டார், இரண்டாவதில் போட்டால் தம்பி தாங்கமாட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பொய் எழுதுவது என்று ஆன பிறகாவது உண்மையாக எதையாவது எழுதலாமே என்று, மற்றவை என்ற கட்டத்தில் அப்போது தோன்றியதை எழுதி வைத்தார்: 'வேற யார் வாய்க்குப் பொருந்தும்?'

பெரியவர் பல்லை மாட்டிக்கொண்டார். மாட்டின கையோடு, "இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று வாய் நிறையத் திட்டிவிட்டுப் போனார்.

அதோடு முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார். மாதக் கடைசியில் கட்டம் சார் படிவங்களை எண்ணினார். மொத்தம் பதினொன்று. அதில் பத்துப் பேர் ஒரு கட்டத்தையும் தொடவில்லை. பதினொன்றாவதை எடுத்துப் படித்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"வேற யார் வாய்க்குப் பொருந்தும்! என்ன ஒரு ஆழம்மா! யாரோ ஒரு சாதாரணப் பயணி எழுதியிருக்கார் பாருங்க!"

அந்த வாசகம் அறிக்கையின் அட்டையில் ஏறியது. அப்புறம் நிலையத்துச் சுவரில் ஏறியது. அப்புறம் பேருந்துகளின் பின்பக்கத்தில் ஏறி ஊர் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை மேசைக்கும் வந்து சேர்ந்தது.

"பார்த்தியா மாப்ளே! ஒவ்வொருத்தனுக்கும் ஆண்டவன் அளந்து கொடுத்திருக்கான், அடுத்தவனுக்கு அளந்தது உனக்குப் பொருந்தாதுன்னு சொல்றான். பக்தி இல்லாத வாயில இந்த வார்த்தை வருமா?"

"மாமா, அந்த வரியில சாமி எங்க இருக்கு? பொருந்துமா பொருந்தாதான்னு ஆராய்ஞ்சிருக்கான். சுத்தமான பகுத்தறிவு."

ஒரு பல்செட்டை வேறு எவனும் மாட்டிக்கொள்ள முடியாது என்பதைத் தவிர அந்த வரியில் ஒரு மண்ணும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். சொல்ல முடியுமா? வாயைத் திறந்தால் வேலை போகும். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சபையும் மன்றமும் அந்தப் பயணி தங்கள் ஆள்தான் என்று ஆளுக்கொரு அறிக்கை விட்டன. நேரில் வந்தால் கேடயம் கொடுத்துக் கௌரவிப்பதாகக் கட்டம் சார் அறிவித்தார். அறிவித்த மூன்றாம் நாள் பயணி வந்துவிட்டார். ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒருவர் சபையின் துணைத் தலைவர். இன்னொருவர் மன்றத்தின் பொருளாளர்.

விழா நடைமேடையிலேயே நடந்தது. பல்செட்டுப் பெரியவரை முன்வரிசையில் உட்கார வைத்து, அடிக்கடி சிரிக்கச் சொன்னார்கள். அவர் முறைத்தார். இரண்டு பயணிகளில் உண்மையானவர் யார் என்று அடையாளம் காட்ட வேண்டியது அக்கா. மேடைக்கு ஏறுகிற படியில் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"துணைத் தலைவரைக் காட்டிடு. நாலு பேருக்கு நல்லது நடக்கும்னா ஒரு பொய் பாவமே இல்ல."

இரண்டு படி ஏறியதும் தம்பி.

"அக்கா, பொருளாளரைக் காட்டு. இது பொய் இல்லக்கா. பெரிய உண்மைக்காக ஒரு சின்னத் தகவலை மாத்துறோம், அவ்வளவுதான்."

மேடையில் துணைத் தலைவர் கண்ணை மூடி மேலே பார்த்துக் கும்பிட்டார். பொருளாளர் பெரியவரின் தோளில் கையைப் போட்டு, "உங்க கஷ்டத்தை என்னால தாங்க முடியல ஐயா" என்றார். பெரியவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "யாருய்யா நீ?" என்றார்.

அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். யாரையாவது ஒருத்தரைக் காட்டிவிட்டு இறங்கினால் போதும். ஒரு குருவிக்கும் தெரியாது. வேலையும் இருக்கும், ஓய்வூதியமும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒரு பக்கமாவது சந்தோஷமாக நடக்கும். ஆனால் அந்த நீலச் சட்டைக்காரன் கைத்துணியைக்கூடத் திருப்பிக் கேட்காமல் பேருந்துக்கு ஓடினானே, அவனுடைய பெயரில் இந்த இரண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே என்று நினைத்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பக்தியும் இல்லை, அறிவும் இல்லை. வெறும் எரிச்சல்.

"பல்லை எதுல சுத்திக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார் அக்கா.

"வெள்ளைப் பட்டுத் துணி" என்றார் துணைத் தலைவர்.

"செய்தித்தாள்" என்றார் பொருளாளர்.

"அதுல என்ன பழுது?"

"பழுதா? சுத்தமான துணிம்மா!"

"இவங்க ரெண்டு பேரும் இல்ல சார்" என்றார் அக்கா.

கட்டம் சார் பதறினார். "அப்போ கையெழுத்து? படிவத்துல கையெழுத்து இருக்கேம்மா?"

"அது என்னோடது."

அதற்கப்புறம் யாரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மாமாவும் மாப்பிள்ளையும் ஒத்துப்போனார்கள்.

"ஆண்டவனுக்கே அடுக்காத காரியம். கள்ளக் கையெழுத்து!"

"கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமாக்கா? மாமா சொல்றது நூத்துக்கு நூறு சரி."

"சரி, எழுதினது எழுதிட்ட. யாருக்கும் தெரியாதே, மேடையில ஏன் வாயைத் திறந்த? ஆண்டவன் பயம் உள்ள இருந்து உறுத்துச்சா?"

"இல்ல மாமா, அது தர்க்கரீதியா..."

"ரெண்டு பேரும் சாப்பிட்ட தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவுங்க" என்றார் அக்கா. இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். தட்டு அங்கேயே காய்ந்தது.

குற்றப்பத்திரிகை கட்டம் சார் கையெழுத்தில் வந்தது. பொய்ப் படிவம் எழுதியது முதல் குற்றம். இரண்டாவதுதான் விஷம்: 'கண்டெடுத்தவர் என்று ஒருவர் இருந்ததற்கே ஆதாரமில்லை. எனவே பல்செட்டை எழுத்தரே அபகரித்து வைத்திருந்து, மனம் மாறித் திருப்பிக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு.' இருபத்தாறு வருஷச் சேவையைப் பார்த்து, முதல் குற்றத்துக்கு வேலையை விட்டுவைத்துச் சம்பள உயர்வை மட்டும் வெட்டுவார்களாம். இரண்டாவதுக்கு வேலையும் ஓய்வூதியமும் சேர்ந்து போகுமாம். கண்டெடுத்தவரை ஏழு நாளுக்குள் காட்ட வேண்டும்.

"சார், யாராவது அடுத்தவர் பல்லைத் திருடுவாங்களா? வேற யார் வாய்க்கு..." என்று ஆரம்பித்த அக்கா, சுவரில் ஒட்டியிருந்த தன் வாசகத்தையே பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஓட்டை விழுந்த துணியை எடுத்துக் காட்டினார். "துணி யார் வீட்டுலயும் இருக்கும்மா" என்று பதில் வந்தது.

ஆறு நாளாக அக்கா காலையில் நடைமேடை நடைமேடையாக நீலச் சட்டைகளைத் தேடினார். நீலச் சட்டை ஆயிரம் இருந்தது, அந்த முகம் இல்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஏழாம் நாள் அலமாரிச் சாவியை ஒப்படைக்க அறைக்கு வந்தார். மாற்று ஆள் கிடைக்காததால் கட்டம் சாரே உட்கார்ந்திருந்தார், எதிரில் படிவக் கட்டு. இருபத்தாறு வருஷச் சாவியைக் கையை விட்டுக் கொடுக்க அக்காவுக்கு மனசே வரவில்லை.

அப்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து மேசை மேல் ஒரு பையை வைத்தார்.

"யாரோ சாப்பாட்டை விட்டுட்டாங்க சார். இன்னும் சூடு ஆறல. மைக்ல சொல்லுங்க, பாவம், பசியோட திரியும் அந்த ஜீவன்."

அதே நீலச் சட்டை. கட்டம் சார் அனிச்சையாகப் படிவத்தை நீட்டினார்.

"சார், இதை ஏன் திருப்பிக் கொடுக்குறீங்கன்னு ஒரு கட்டத்துல..."

"ஏன்னா? பின்ன நான் திங்கவா? எங்கிட்டதான் என் சாப்பாடு இருக்கே." திரும்பியவர் அக்காவைப் பார்த்துவிட்டார். "அட, அக்கா! அன்னைக்கு ஒரு துணி கொடுத்தேனே, இருக்கா? வீட்டுல அதைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குறா."

"என்ன பழுது?" என்று அக்காவின் வாய் தன்னால் கேட்டது.

"மூலையில இஸ்திரி சுட்ட ஓட்டை. முக்கோணமா இருக்கும்."

அக்காவின் கையில் இருந்த ஒரே தடயம் அந்தத் துணிதான். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். அது அவனுடையது, பழுதைச் சரியாகச் சொன்னவனுக்குப் பொருளைக் கொடுக்காமல் இருக்க அந்தக் கைக்குப் பழக்கமே இல்லை. கொடுத்துவிட்டார்.

"அந்தப் பல்லுக்காரர் வந்தாரா? எதை மென்னு தின்னாரோ மனுஷன்னு ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கல."

"வந்து வாங்கிட்டாருண்ணே. ஒரு நிமிஷம் நில்லுங்க, ஒரு கையெழுத்து..."

"வண்டி கிளம்பிடுச்சுக்கா!"

வாசலில் நீலம் மறைந்தது. அக்கா மேலாளரைப் பார்த்தார். கட்டம் சார் படிவத்தை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த ஆள் சொன்னது எந்தக் கட்டம் என்று தேடுகிறவர் மாதிரி.

"பார்த்தீங்கல்ல சார்?"

"ம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

கட்டம் சார் மறுபடி படிவத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். குற்றப்பத்திரிகை எழுதியவர் அவர். 'நான் பார்த்தேன்' என்று எழுதினால் தான் எழுதியதைத் தானே அடிக்க வேண்டும். நாளை மறுநாள் மாநாடு. அச்சடித்த அறிக்கை மூலையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அறையில் வேறு சாட்சி கிடையாது. பார்க்கவே இல்லை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்மா. சாவியை வச்சுட்டு நீங்க கிளம்புங்க."

அக்கா சாவியை வைத்தார். கிளம்பவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம், பெரியவர் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். அழவில்லை, கெஞ்சவில்லை. கட்டம் சார் ஒரு கோப்பைப் புரட்டினார். அக்கா நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். அக்கா நின்றார். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். கண்டெடுத்தவர் உண்டு, என் கண்ணாலேயே பார்த்தேன், இரண்டாம் குற்றச்சாட்டு தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏன் சார் எழுதினீங்க?"

கட்டம் சார் அச்சடித்த அறிக்கைகளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க நகரவே இல்லையேம்மா" என்றார்.